ஒரே வீட்டில் மூன்று வகுப்பு நடத்த வேண்டுமா?

கேள்வி:

"எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பன்னிரண்டரை வயது, பையனுக்கு எட்டு, கடைக்குட்டிக்கு நாலரை. பெரியவர்கள் இருவரும் தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தார்கள். இரண்டாம் வகுப்பை முடித்த பிறகும் பையன் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். மூத்தவளுக்குப் பரீட்சை என்றாலே வயிற்றுவலி. யோசித்து யோசித்து, இந்த ஜூனில் இருவரையும் நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை பீரியட் பிரித்து, மூன்று பேருக்கும் தனித்தனியாக நடத்துகிறேன். ஒருத்திக்குச் சொல்லும்போது மற்றவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், சின்னவள் நோட்டைக் கிழிக்கிறாள். செல்போனில் பாடப்புத்தகம், ஒர்க்‌ஷீட், வீடியோ என்று நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை எடுப்பது என்றே தெரியவில்லை. வெளிநாட்டுப் பாடத்திட்டப் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? 'பத்தாவது எப்படி எழுதுவாங்க?' என்று மாமியார் தினமும் கேட்கிறார். நாலு மாதத்தில் ஓய்ந்துபோய்விட்டேன். நான் செய்வது சரிதானா?"

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெட்டியை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது பையனின் வாசிப்போ மாமியாரின் கேள்வியோ இல்லை, அந்த ஒன்பது முதல் நாலு வரையிலான கால அட்டவணைதான். பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கூடவே பீரியடையும் மணியையும் கொண்டுவந்துவிட்டீர்கள். மூன்று பேருக்கு ஐந்தைந்து பாடம் என்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து வகுப்பு. எந்த ஆசிரியரும் இத்தனை எடுப்பதில்லை. நீங்கள் ஓய்ந்துபோனதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நான் வேலை பார்த்ததெல்லாம் ஈராசிரியர் பள்ளிகளுக்குப் பயிற்சி தருவதில். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் தலைமையாசிரியர் என்பதால் பாதி நேரம் பதிவேட்டோடு இருப்பார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது அபூர்வமான காட்சியே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கும்போது எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற உங்கள் கேள்வி, இந்த மாநிலத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விதான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் அதற்கு ஒரு விடை சொன்னது. அதன் மூல வடிவம் ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியிலிருந்து வந்தது. அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களுக்குள்ளேயே ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்கே பிள்ளைகள் வகுப்புவாரியாக உட்காரவில்லை. யாருக்கு இந்த நிமிடம் ஆசிரியர் பக்கத்தில் வேண்டும், யாருக்கு அவ்வப்போது எட்டிப்பார்த்தால் போதும், யாருக்கு இன்னொரு பிள்ளையின் துணை போதும், யார் தானே செய்துகொள்வார் என்று பார்த்துப் பிரித்து உட்காரவைத்தார்கள். ஆசிரியர் முழுசாக இருந்தது ஒரு குழுவோடு மட்டும்தான்.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் நீங்கள் தேவை. மற்ற இருவருக்கும் அந்த நேரத்தில் உங்களைக் கூப்பிடாமல் செய்யக்கூடிய வேலை இருக்க வேண்டும். அதை முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிட்டால், பாதிச் சண்டை நிற்கும்.

அடுத்து, எதைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பது என்பது. கணக்கு, வாசிப்பு-எழுத்து, இந்த இரண்டை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இவை படிப்படியாக ஏறுபவை. ஒருவர் நிற்கும் படியில் இன்னொருவரை நிறுத்த முடியாது. அறிவியல், வரலாறு, புவியியல், கதை, பாட்டு, படம் எல்லாம் மூவருக்கும் ஒன்றாகவே நடக்கட்டும். ஒரே சோற்றைத்தானே சின்னவளுக்குக் குழையப் பிசைந்தும், பையனுக்கு ரசம் ஊற்றியும், மூத்தவளுக்குக் காரக்குழம்போடும் போடுகிறீர்கள்? மூன்று உலை வைப்பதில்லையே.

பொதுவாக நடத்துவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். இது வடகிழக்குப் பருவமழைக் காலம். மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு நேராக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகக் கவிழ்த்துப் புனல்போல வைத்தால் மழைமானி தயார். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, கல் மூழ்கித் தண்ணீர் சமமாகிற இடம்வரை ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். மரமும் சன்ஷேடும் இல்லாத வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி செங்கல் அண்டக்கொடுத்து வைக்க வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவிட்டு, பூஜ்ஜியக் கோடுவரை மட்டும் தண்ணீர் நிற்கும்படி மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

கடைக்குட்டியின் வேலை கொட்டுவதும், காலண்டரில் மழை பெய்த நாளுக்கு நீலப் பொட்டு வைப்பதும். மாதக் கடைசியில் பொட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். பையன் மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுவான்; நேற்றைவிட இன்று எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல் என்று கழிப்பான். மூத்தவள் அதே எண்களை வைத்து வரைபடம் போடட்டும். பிறகு அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஏன் என்று அவளே கனசென்டிமீட்டரில் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். உங்கள் மொட்டைமாடி 600 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்த நாளில் 1,100 லிட்டருக்கு மேல் மாடியில் விழுந்திருக்கிறது. அது எங்கே போனது? தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வீட்டுக் குழாய் தொட்டிக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியது அவர் பாடு.

அப்புறம் மாமியார். அவருக்கும் இதில் இடம் உண்டு. 'ஓர் உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று காட்டுக்காரர்கள் மழையை அளந்து பேசுவதைப் பிள்ளைகள் அவர் வாயால் கேட்கட்டும். பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருப்பதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர் உழவு மழை பெய்தது என்று பாட்டி சொல்கிற நாளில் பாட்டிலில் எத்தனை மில்லிமீட்டர் நின்றது என்று பையன் எழுதி வைத்தால், அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல். இப்படி ஒரு விஷயத்தை மூன்று நான்கு வாரம் ஓட்டலாம். பிறகு பவானி ஆறு, கைத்தறி, மஞ்சள் ஏலம் என்று உங்கள் மாவட்டத்திலேயே ஒரு வருஷத்துக்குத் தேவையானது கிடக்கிறது.

இனி பையன். எட்டு வயதில் எழுத்துக்கூட்டுகிறான் என்றால், மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வையுங்கள். வயது எட்டு என்பதால் படியும் மூன்றாவதாக இருக்க வேண்டியதில்லை. முதலில் அவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க, பிரதம் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில் ஒரே ஒரு தாள்தான் பயன்படுத்துவார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பிள்ளை எதுவரை தடையில்லாமல் வாசிக்கிறதோ அதுதான் அதன் நிலை. தமிழ்த் தாளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்குக்கும் அதேபோல உண்டு: எண் அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழிப்பது, வகுப்பது. பத்து நிமிட வேலை. பரீட்சை என்று சொல்லாமல், மடியில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

வாசிக்கும்போது அவன் தடுமாறுகிற இடத்தைக் கவனியுங்கள். தமிழில் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுவது கொம்பில்தான். 'கா', 'கி', 'கு' வந்துவிடும். 'கெ', 'கே', 'கொ', 'கோ' வந்ததும் நின்றுவிடும். ஒலிக்கும்போது பின்னால் வருகிற உயிர், எழுதும்போது எழுத்துக்கு முன்னால் கொம்பாக நிற்கிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். கண் இடமிருந்து வலம் ஓடினால் போதாது, மூன்றையும் ஒரே பார்வையில் அள்ள வேண்டும். அது பழக்கத்தில்தான் வரும். 247 எழுத்தையும் முதலிலிருந்து ஒப்பிக்கவைப்பதில் பயனில்லை. கொம்பில் தடுமாறினால் இரண்டு வாரத்துக்குக் கொம்பு மட்டும்: கொடி, கோழி, தேர், செடி, பொம்மை, தோசை. பார்த்து வாசித்த சொல்லை உடனே ஸ்லேட்டில் எழுதவையுங்கள். பிறகு அதே சொற்கள் வருகிற சின்னக் கதை. நீங்கள் ஒரு வரி வாசிக்க, விரலை வைத்து அவன் அதே வரியை வாசிக்கட்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. அதற்கு மேல் நீட்டினால் அவனும் எரிச்சலாவான், நீங்களும் கத்துவீர்கள்.

இரண்டு மொழியையும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் பேசுகிற மொழியில் வாசிப்பு சரளமாகட்டும். ஆங்கிலம் அதுவரை காதில் விழுந்தால் போதும்: நீங்கள் வாசித்துக் காட்டும் கதை, பாட்டு, அக்காவோடு பேச்சு. இதற்கு முன், கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஐந்தாறு மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தும் எழுத்து மாறி மாறி வருகிறது, அசையவே இல்லை என்றால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் காட்டலாம். ஆனால் இப்போதே அந்தப் பயத்துக்குப் போக வேண்டாம். ஒழுங்காகச் சொல்லித்தரப்படாத பிள்ளைகளும் இதே மாதிரிதான் வாசிப்பார்கள்.

சின்னவளுக்குப் பாடம் கிடையாது. ஒர்க்‌ஷீட் கிடையாது. நாலரை வயதில் கோட்டுக்குள் எழுதவைப்பது கைவிரலுக்கும் நல்லதல்ல, உங்கள் நோட்டுக்கும் நல்லதல்ல என்று அவளே கிழித்துச் சொல்லிவிட்டாளே. அண்ணன் கணக்குப் போடும்போது அவளும் 'கணக்கு' செய்யட்டும்: புளியங்கொட்டையைப் பல்லாங்குழியில் குழிக்கு ஐந்தாகப் போடுவது, பொத்தான்களை நிறவாரியாகப் பிரிப்பது, தட்டில் பரப்பிய ரவையில் விரலால் வரைவது. அக்கா அண்ணன் புத்தகம் எடுக்கும்போது மட்டும் வெளியே வருகிற ஒரு டப்பா அவளுக்கென்று இருக்கட்டும். மற்ற நேரத்தில் அது அலமாரியில் மேலே போய்விட வேண்டும். எப்போதும் கைக்கு எட்டினால் இரண்டே நாளில் சலித்துவிடும்.

மூத்தவள் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வீட்டுக்கல்வி எடுத்த குடும்பங்களில் மூத்த பெண் மெல்ல மெல்ல இரண்டாவது அம்மாவாகிவிடுகிறாள். தம்பிக்கு வாசித்துக் காட்டுவது நல்லதுதான். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளில் சாதாரணம். சட்டாம்பிள்ளை வைத்து நடத்திய அந்த ஏற்பாட்டை 1790-களில் சென்னை எழும்பூரில் ஓர் அநாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் எடுத்துக்கொண்டு, 1797-இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே மெட்ராஸ் முறை. சொல்லிக்கொடுக்கும் பிள்ளை இரண்டு தடவை கற்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். அதுவும் அவளுக்கும் ஏதாவது கிடைக்கிற வேலையாக இருக்கட்டும்.

அப்படி ஒரு வேலை சொல்கிறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, வாசிப்பு நிலைவாரியாக ஒன்று முதல் நான்கு வரை பிரித்திருப்பார்கள். தமிழிலேயே நிறைய உண்டு. அதைவிட முக்கியம், அங்கே யார் வேண்டுமானாலும் கதையை மொழிபெயர்க்கலாம், உரிமம் அப்படி. மூத்தவள் முதல் நிலை ஆங்கிலக் கதை ஒன்றைத் தமிழாக்கட்டும். தம்பிக்குக் கொம்பு எழுத்துத் தகராறு என்று அவளுக்குத் தெரியும். சின்னச் சொல்லாக, சின்ன வாக்கியமாகத் தேடிப் போட வேண்டியிருக்கும். ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டு, தமிழில் எளிமையாக எழுதுவது பெரியவர்களுக்கே சிரமம். பிறகு அச்செடுத்துத் தைத்து, தம்பி சின்னவளுக்கு வாசித்துக் காட்டுவான். ஒரே கதையில் மூன்று பேருக்கும் வேலை ஆகிவிட்டது, மூன்றும் அவரவர் படியில்.

மற்றபடி அவள் தனியாகப் படிக்கப் பழக வேண்டிய வயது. வாரத் தொடக்கத்தில் இருவரும் உட்கார்ந்து இந்த வாரம் எந்த அத்தியாயம், எத்தனை கணக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் தினமும் இருபது நிமிடம் அவள் கேட்கும் சந்தேகத்துக்கு மட்டும். பரீட்சைப் பயத்துக்கு நான் இப்போதைக்கு மருந்து எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் பரீட்சையே இல்லாமல் இருக்கட்டும். அதற்குப் பதில் ஒரு வேலையை எடுத்து முடித்து நாலு பேர் முன்னால் பேசுகிற வாய்ப்பைத் தேடுங்கள். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் கலந்துகொள்ளலாம், பள்ளியில் இல்லாதவர்களும்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையைக் கேளுங்கள். அந்த மழை நோட்டே ஓர் ஆய்வுக்கான தொடக்கம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை ஒன்பதுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அரை மணி நேரம் நீங்கள் வாசிக்க அவர்கள் கேட்கட்டும். பிறகு கணக்கு, வாசிப்பு-எழுத்து. நீங்கள் பையனோடு இருபது நிமிடம், மூத்தவளோடு இருபது நிமிடம், நடுவில் சின்னவளை மடியில் வைத்து ஒரு கதை. இது இரண்டு சுற்று. பன்னிரண்டு மணிக்குக் கடையை மூடிவிடலாம். போதுமா என்று பயப்படாதீர்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நாற்பது நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளையின் பங்கு ஒரு நிமிடம். மதியத்துக்கு மேல் மழைமானி, நூலகம், தெருவில் விளையாட்டு. வாரத்தில் இரண்டு மாலையாவது பிள்ளைகளை மாமியாரிடமோ கணவரிடமோ விட்டுவிட்டு நீங்கள் வெளியே போங்கள். கடை இருக்கிறது என்று கணவர் சொன்னால், மூத்தவளைக் கடையில் கல்லாப் பக்கம் உட்காரவைக்கட்டும். சதவீதம் அங்கேதான் புரியும்.

இப்போது உங்கள் செல்போனுக்கு வருவோம். நூற்றுக்கணக்கான பி.டி.எஃப்பில் முக்கால்வாசியை அழித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இல்லாததை விட அதிகமாக இருப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. கணக்குக்கு ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரே ஒரு புத்தகம், அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் அரசுத் தளத்தில் இலவசம். ஆனால் தயவுசெய்து அச்சுப் பிரதியை வாங்குங்கள், திரையில் கணக்குப் படிப்பது வதை. புத்தகத்திலுள்ள கியூஆர் குறியீட்டைத் தட்டினால் தீக்‌ஷா தளத்தில் பாடத்துக்குரிய வீடியோ வரும், தேவைப்பட்டால் மட்டும். மூத்தவளுக்கு ஆங்கிலம் ஓடும் என்பதால் கணக்கில் சிக்குகிற இடத்தில் கான் அகாடமி இணையதளம் உதவும், அதுவும் இலவசம். அறிவியலுக்கு, கையில் கிடைப்பதை வைத்துப் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் தளம் ஒன்று போதும்: தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்து முக்கோணம் செய்தால் அசையாது, சதுரம் செய்தால் சரியும். கூரைச் சட்டத்தில் ஏன் முக்கோணம் என்று பையனுக்கே விளங்கிவிடும்.

படிக்க எடுப்பதற்கு நூலகம் இருக்கிறது. வீட்டு வரி கட்டும்போது அதோடு பத்து சதவீதம் நூலக வரியும் கட்டுகிறீர்கள். விகிதம் பிறகு கூடினாலும், 1948-ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்தே நூலக வரி உண்டு. கட்டிய காசுக்காவது கிளை நூலகத்துக்கு வாரம் ஒருமுறை போங்கள், மூவருக்கும் தனி உறுப்பினர் அட்டை வாங்குங்கள். குழந்தைப் புத்தகம் குறைவாக இருந்தால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் 'துளிர்' அறிவியல் மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். பாரதி புத்தகாலயம், தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளில் நல்ல குழந்தை நூல்களாக ஓர் அலமாரித் தட்டு நிறைய வாங்குங்கள். கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள். மீதிப் பணத்தில் ஒரு நாள் எல்லோரும் சென்னைக்கோ மதுரைக்கோ ரயிலேறி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவையும் பக்கத்திலேயே இருக்கும் பிர்லா கோளரங்கத்தையும், அல்லது மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, மாமியார் கேள்வி. அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளிக் கல்வியை உரிமையாக்குகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்விக்கென்று தனி ஏற்பாடும் அந்தச் சட்டத்தில் இல்லை. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், உங்கள் பிள்ளைகளின் பெயர் பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் என்ற மாணவர் பதிவில் இருப்பதால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். கோபப்படாதீர்கள், அது அவர்கள் வேலை. குழந்தைத் தொழிலாளர்களைக் கண்டுபிடிக்கும் வழியும் அதுதான். உட்காரவைத்து, பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டுங்கள். அதற்காகவே மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் என்ன படித்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். நாளைக்கே மனம் மாறினால், அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரும்பிப் போகிற கதவு திறந்தே இருக்கிறது.

பத்தாம் வகுப்புக்கு இரண்டு வழி. ஒன்று, மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு: எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும், அதை முடித்துப் பிறகு பத்தாவது. இன்னொன்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாவது தேறிய சான்றிதழ் கட்டாயமில்லை, படிக்கும் அளவுக்கு அறிவு இருக்கிறது என்ற சுய உறுதிமொழி போதும். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது வேண்டும். தமிழும் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, பதிவு ஐந்தாண்டு செல்லும், பாடங்களை ஒன்றிரண்டாகப் பிரித்து எழுதலாம். வயிற்றுவலிக்காரப் பெண்ணுக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. பதினோராம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறீர்களோ, அங்கே இந்தச் சான்றிதழை ஏற்கிறார்களா என்று பதியும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பையனுக்கு ஒரு தேதி இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. இதுபோல அரசுப் பள்ளிப் படிப்போடு கட்டப்பட்ட சலுகைகள் வேறும் உண்டு. டாக்டராக்கியே தீர வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பு வரும்போது அவனைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, வீட்டிலேயே தொடர்வதா என்று ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகு பேசினால் ஒரு கதவு மூடியிருக்கும். அதுவரை மூன்று வருஷம் இருக்கிறது, வாசிப்பைச் சரிசெய்ய அது தாராளம்.

நான் செய்வது சரிதானா என்று கேட்டீர்கள். நாலு மாதத்தை வைத்து நானும் சொல்ல முடியாது. வரும் கோடை விடுமுறையில் அதே அசர் தாளைப் பையனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு படியாவது ஏறியிருந்தால் தொடருங்கள். அதே இடத்தில் நின்றால், நீங்களும் இன்னும் ஓய்ந்தே இருந்தால், ஜூனில் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழைய பள்ளியிலிருந்து இருவருக்கும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? அதையும் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்து, அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். தேர்வுக்குப் பதியும்போது அங்கேதான் சிக்கும். திருத்துவதற்கு மாதக்கணக்கில் அலையவிடுவார்கள். மூத்தவளுக்கு 14 ஆக இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, இப்போதே மனுப் போட்டுவிடுங்கள்.